புள்ளி விழுவதற்கு முன்

2015 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. "இன்னிக்குத் தைரியமா வெளியிலயே காயப் போடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். மடிக்கணினியைத் திருப்பி, செயற்கைக்கோள் பார்த்த தீயைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தையும் காட்டினேன். இந்தோனேசியாவில் நிலம் எரிந்தால் புகை இங்கே சிங்கப்பூர் வரை வரும். முந்தின நாள் வரை அம்மை போட்டதுபோலச் சிவந்து கிடந்த தெற்குச் சுமத்ராவில் அன்றைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளிகள் இருந்தன. "பாரு, தீ குறைஞ்சிருச்சு."

ஈசூனில் எங்கள் வீடு பதினோராவது மாடியில். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி உலர்த்துகிற பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மத்தியானம் இரண்டு மணிக்கு எதிர் பிளாக்கின் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண் கண்ணுக்குத் தெரியவில்லை. துணிகளை உள்ளே இழுத்தபோது கல்யாண வீட்டுக் கோட்டையடுப்புப் பக்கம் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த வாசனை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மெஷினில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். செயற்கைக்கோள்கள் தீயை எப்படிப் பார்க்கின்றன என்று நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது அந்தப் பார்வைக்குப் பிறகுதான்.

நான் வானிலைக்காரன் இல்லை. சரக்குப் பெட்டிகள் எந்தக் கப்பலில் ஏறின, எந்தத் துறைமுகத்தில் இறங்கின என்று கணக்கு வைக்கும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அட்டவணை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியாத வியாதி உண்டு. நாசாவின் ஃபர்ம்ஸ் தளம், உலகம் முழுதும் விழும் தீப்புள்ளிகளைச் செயற்கைக்கோள் கடந்துபோன மூன்று மணி நேரத்துக்குள் அட்டவணையாகத் தருகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், பகலா இரவா, எந்த அளவுக்கு நம்பலாம், எத்தனை மெகாவாட் வெப்பம் வீசுகிறது என்று வரிசை வரிசையாக இருக்கும். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புகைமூட்டக் காலம் வந்தால் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதைத் திறந்துவிடுவேன்.

ஆனால் அந்தப் புள்ளி என்ன என்பதையே தவறாகப் புரிந்துவைத்திருந்தேன்.

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அலைநீளத்தில் கதிர் வீசிக்கொண்டேதான் இருக்கிறது. வெயிலில் கிடக்கும் வெறும் நிலம் பத்து மைக்ரானையொட்டி அதிகம் வீசும். பற்றி எரியும் தீ நாலு மைக்ரான் பக்கம் வீசும். செயற்கைக்கோள் ஒரே சதுரத்தை நாலு மைக்ரான், பதினொரு மைக்ரான் என்று இரண்டு அலைவரிசையிலும் பார்க்கிறது. நாலில் எகிறிக் குதித்து, பதினொன்றில் அவ்வளவாக அசையாமல், அக்கம்பக்கத்துச் சதுரங்களிலிருந்தும் தனித்துத் தெரிந்தால், அங்கே ஏதோ எரிகிறது என்று ஒரு புள்ளி விழும். மோடிஸ் கருவிக்கு அந்தச் சதுரம் ஒரு கிலோமீட்டர், பின்னால் வந்த விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். சதுரம் முழுவதும் எரிய வேண்டியதில்லை, அதில் ஒரு மூலை போதும். ஆகவே ஒரே பெருந்தீ பத்துப் புள்ளிகளாக விழலாம். ஒரே சதுரத்துக்குள் ஐந்து தீ இருந்தாலும் ஒரே புள்ளிதான். எரிமலையின் வாயும் எண்ணெய் ஆலையின் எரிசுடரும்கூடப் புள்ளிகள்தான்.

நான் கோட்டை விட்டது மேகத்தில். அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் துளைக்காது. புகை மிக அடர்த்தியாக இருந்தால் அதையே மேகம் என்று எடுத்துக்கொண்டு கணிப்பொறி அந்தச் சதுரத்தை விட்டுவிடுவதும் உண்டு. போதாததற்கு, துருவத்துக்குத் துருவம் சுற்றும் மோடிஸ் செயற்கைக்கோள்களின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இடைவெளி விழுவது நிலநடுக்கோட்டுப் பக்கம்தான், அதாவது நம் தலைக்கு மேலே. அந்தச் சனிக்கிழமை தீ குறையவில்லை. புகையும் மேகமும் சேர்ந்து அதை மூடியிருந்தன. புள்ளிகள் மறைந்ததே புகை மோசமானதற்கு அடையாளம், நான் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். எண்ணிக்கைக்குக் கீழே "மேகமூட்டம்" என்று ஒரு வரி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்த மாதம் 24ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அன்று மாலையே மறுநாள் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 300-ஐத் தாண்டி அபாயக் கட்டத்துக்குப் போனது. தொடக்கநிலை ஒன்றில் இருந்த மகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

*

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால், 2013 ஜூனில், அப்பா முதல்முறையாகச் சிங்கப்பூர் வந்திருந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலம் ஆற்றையொட்டி எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு. ஆலைக்கு வெட்டி அனுப்பிய பிறகுதான் அவரால் வர முடிந்தது. பறவைப் பூங்கா, செந்தோசா என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அவர் வந்த மூன்றாம் நாள் புகை வந்தது. ஜூன் 21, வெள்ளிக்கிழமை, நண்பகல் 12 மணிக்கு மூன்று மணி நேரச் சராசரி பிஎஸ்ஐ 401. கடைகளில் என்95 முகக்கவசம் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னிடமிருந்த இரண்டு முகக்கவசங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "தொண்ணூத்தேழுல வந்தப்ப இதுதான் உச்சம்னு நெனச்சோம் அண்ணே. அப்ப 226. இப்ப அது ஒண்ணுமே இல்லாம போச்சு."

அப்பா ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, பழுப்பு நிறம்தான். நான் என் புலமையைக் காட்டிக்கொள்ள வரைபடத்தைத் திறந்தேன். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் ரியாவ் மாநிலம். கடலூரிலிருந்து மதுரை போகிற தூரம்தான் இருக்கும். அங்கே சிவப்புப் புள்ளிகள்.

"இவ்வளவு துல்லியமா இடம் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அப்புறம் என்னடா? போய் அணைக்க வேண்டியதுதானே?"

என்னிடம் பதில் இல்லை. அரசியல், நிறுவனங்கள், ஊழல் என்று ஏதோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "நாமளும்தானே சோகையை எரிக்கிறோம்" என்றார்.

உண்மைதான். கரும்பு வெட்டி முடிந்ததும் காய்ந்த சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். கட்டைக்கரும்பு துளிர்க்க வேண்டும், ஆள் கூலி கட்டுப்படியாகாது. ஒரு தீக்குச்சி போதும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வேடிக்கை. படபடவென்று வெடிக்கும் சத்தமும், எலிகள் சிதறி ஓடுவதும், மறுநாள் துளசிமாடத்தில் படிந்திருக்கும் கருப்புத் தூசியும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய தரவை இறக்கிப் பார்த்தேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புள்ளிகள் இருந்தன. ரியாவில் விழுந்தவற்றுக்கும் இவற்றுக்கும் அட்டவணையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே சிவப்பு. எங்கள் நிலத்தில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "நாம எப்பவும் வெயில் தாழ்ந்து காத்து அடங்கினப்புறம்தானே வைப்போம்" என்றார்.

அந்தச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை மத்தியானம் ஒன்றரை மணியையொட்டி ஒருமுறையும் பின்னிரவு ஒன்றரையையொட்டி ஒருமுறையும் தலைக்கு மேலே போகின்றன. ஐந்தரைக்கு வைத்து ஏழு மணிக்கு அணைந்துவிடுகிற சோகைத் தீ அவற்றின் கண்ணில் படவே படாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் ஜப்பானின் ஹிமவாரி இருக்கிறதே என்றால், அது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அகச்சிவப்பில் அதன் சதுரம் இரண்டு கிலோமீட்டர், சின்னத் தீ அதில் கரைந்துபோகும். அடிக்கடி பார்க்கிற கண்ணுக்குக் கூர்மை இல்லை, கூர்மையான கண் அடிக்கடி வருவதில்லை.

ஆக, புள்ளி இல்லையென்றால் தீ இல்லை என்று அர்த்தமில்லை. புள்ளி இருந்தாலும் யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று அது சொல்லாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு காப்பிக்கடையில் யாராவது "இந்தோனேசியாக்காரங்க..." என்று ஆரம்பித்தால் நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீட்டுச் சோகையின் நெடி எனக்குத் தெரியும்.

*

அதற்காக இரண்டு தீயும் ஒன்றென்று சொல்லவில்லை. வித்தியாசம் தீயில் இல்லை, அதன் கீழே இருக்கிற மண்ணில் இருக்கிறது.

சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பரந்துகிடப்பது பீட் நிலம். மலாயில் கம்புட் என்பார்கள். அப்பாவுக்கு விளக்கியபோது அவரே "கரி மண்ணு" என்று பெயர் வைத்துவிட்டார், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. நம் கரிசல் இல்லை இது. ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சதுப்புக்காட்டில் விழுந்த இலையும் கிளையும் வேரும், தண்ணீரில் மூழ்கியே கிடந்ததால் மக்க வழியில்லாமல், பாதி மக்கியபடி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழம். ஈரமாக இருக்கும்வரை அதில் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. மழைக்காடு தானாக எரிகிற காடு இல்லை.

அதில் அகாசியாவோ செம்பனையோ பயிர் செய்ய வேண்டுமென்றால் தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்கு வாய்க்கால். எங்கள் ஊரில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வரும். அங்கே வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் போகும். 1990களின் நடுவில் அதிபர் சுகார்த்தோவின் அரசு, மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. 1997இல், பசிபிக் சூடேறி இந்தப் பக்கத்து மழையைக் குறைக்கும் எல்நினோ வந்தது, காய்ந்து கிடந்த கரி மண் எரிந்தது. அந்த வருடம் இந்தோனேசியாவின் கரி மண்ணிலிருந்தும் அதன் மேலிருந்த காட்டிலிருந்தும் வெளியேறிய கார்பன், உலகம் முழுக்க ஒரு வருடம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருவதில் 13 முதல் 40 சதவிகிதம் இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். இன்றைக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கினால் அந்த வாய்க்கால்கள் தெரியும். ஆறுகளெல்லாம் வளைந்து நெளிந்து போகிற ஊரில் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள்.

நீர் வடிந்த கரி மண் கற்பூரம்போல் பற்றிக்கொள்ளாது. உமி மூட்டம்போலக் கனியும். தீ மேலே அணைந்தமாதிரி இருக்கும், உள்ளே வாரக்கணக்கில் நகர்ந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். சூடு குறைவு, புகை அதிகம். சூடு குறைவாக இருப்பதால், அதிலும் மண்ணுக்குள் இருப்பதால், செயற்கைக்கோளுக்கு அது சரியாகப் புலப்படுவதில்லை. எங்கள் சோகைத் தீ கண்ணுக்குப் பெரியது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது கண்ணில் படாமலே பக்கத்து நாட்டின் பள்ளிக்கூடத்தை மூடுகிறது. ஹெலிகாப்டரிலிருந்து கொட்டும் தண்ணீர் மேல்தோலை நனைத்துவிட்டு வழிந்துவிடும், ஏனென்றால் ஒருமுறை நன்றாகக் காய்ந்த கரி மண் தண்ணீரை லேசில் உள்வாங்காது. அப்பா கேட்டாரே, போய் அணைக்க வேண்டியதுதானே என்று, அதற்குப் பதில் இதுதான். பற்றிய பிறகு அணைப்பது மழை மட்டுமே. 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அக்டோபர் கடைசியில் மழை இறங்கிய பிறகுதான் எல்லாரும் மூச்சுவிட்டோம்.

*

அப்படியானால் புள்ளி விழுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும். முன்னால் பார்க்க வேண்டியது தீயை இல்லை, தண்ணீரை.

இதற்குக் கனடாக்காரர்கள் தங்கள் ஊசியிலைக் காடுகளுக்காக உருவாக்கிய ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் மலேசியா, இந்தோனேசியா பக்கத்துக்கும் பழக்கியிருக்கிறார்கள். தினமும் நண்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்று, கடந்த 24 மணி நேர மழை, இந்த நாலையும் கொடுத்தால் அது மண்ணின் மூன்று அடுக்குகளுக்குத் தனித்தனியாக வறட்சியைக் கணக்கிடும். மேலே கிடக்கும் மெல்லிய சருகு ஒரு நாளில் காய்ந்துவிடும், ஒரு தூறலில் நனைந்தும்விடும். நடு அடுக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். ஆழத்து அடுக்கின் வறட்சிக் குறியீடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதன் நினைவாற்றல் 52 நாள் என்று கணக்கு. கரி மண்ணுக்கு முக்கியம் இந்த மூன்றாவதுதான். நேற்று மழை பெய்தது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆடியில் பெய்யாததை அது புரட்டாசியில் நினைவு வைத்திருக்கும். எனக்குத் தெரிந்த சில உறவுக்காரர்கள் மாதிரி.

மழைமானி எல்லா ஊரிலும் இல்லை, சதுப்புக்காட்டுக்குள் நிச்சயமாக இல்லை. அங்கேதான் செயற்கைக்கோள் உதவுகிறது. 2014இல் ஏவிய ஜிபிஎம், மற்றச் செயற்கைக்கோள்களின் அளவுகளையும் சேர்த்து அரை மணிக்கொருமுறை மழை வரைபடம் வரைய வழி செய்தது. 2015இல் போன ஸ்மாப், நுண்ணலையை வைத்து மேல்மண்ணின் ஈரத்தைப் படிக்கிறது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கரி மண் தண்ணீர் ஏறினால் லேசாக உப்பும், இறங்கினால் அமுங்கும், மார்பு ஏறி இறங்குவதுபோல. ராடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அந்த ஏற்ற இறக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடலாம் என்கிறார்கள். வடிகால் வெட்டிய நிலம் இப்படி மூச்சுவிடுவதோடு நிற்காமல் வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு உட்கார்ந்துகொண்டே போகிறது. இந்தோனேசியாவின் 2016ஆம் வருடத்து விதி, தோட்டங்களில் நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. கையை மண்ணுக்குள் விட்டால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் முன்னால் பார்க்க வேண்டுமென்றால் கடலைப் பார்க்க வேண்டும். பசிபிக்கில் எல்நினோ, இந்தியப் பெருங்கடலில் மேற்கே சூடும் கிழக்கே குளிர்ச்சியுமாக விழும் அந்த ஏற்றத்தாழ்வு, இரண்டும் சேர்ந்து வந்த வருடங்கள் 1997, 2015, 2023 போன்றவை. கலிமந்தானுக்கு இந்த ஜோசியம் பெரும்பாலும் பலிக்கிறது. சுமத்ராவுக்கு அப்படி நம்பிவிட முடியாது. அப்பா ஜன்னலருகே உட்கார்ந்திருந்த 2013, எல்நினோ வருடமே இல்லை. மழை நன்றாகப் பெய்த வருடத்தின் நடுவில் இரண்டு மாதம் காய்ந்தது, அவ்வளவுதான். அந்த ஜூனில் ரியாவில் எரிந்ததை ஆராய்ந்தவர்கள் சுமார் 1,63,000 ஹெக்டேர் என்றும், அதில் 84 சதவிகிதம் கரி மண் என்றும் கண்டார்கள். எரிந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே காடு அழிக்கப்பட்டிருந்த நிலம். கவசம் போன உடம்புக்குச் சின்னக் காய்ச்சலே போதும்.

ராபர்ட் ஃபீல்டு என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் செய்த ஒரு வேலையைப் படித்தபோது எனக்கு எதிர் பிளாக்கின் எண் ஞாபகம் வந்தது. தீயைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் இல்லாத காலத்தில் எவ்வளவு புகை இருந்தது என்று எப்படித் தெரியும்? விமான நிலையங்களில் எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று தினமும் எழுதி வைப்பார்களே, 1960கள் வரை பின்னால் போய் அந்தக் குறிப்பேடுகளைத் திரட்டினார்கள். சுமத்ராவில் அப்போதே வறண்ட வருடங்களில் புகை இருந்திருக்கிறது. கலிமந்தானில் அதே அளவு வறட்சி வந்தும் 1960களிலும் 70களிலும் வானம் தெளிவாக இருந்திருக்கிறது. 1980களிலிருந்துதான் கதை மாறுகிறது, ஆட்கள் குடியேறிக் காட்டை வெட்ட ஆரம்பித்த பிறகு. மழை பொய்ப்பது மட்டும் தீயை வரவழைக்கவில்லை.

இதனால்தான் எனக்கு இப்போது புள்ளி வரைபடத்தைவிட வேறொரு வரைபடத்தின் மேல் மரியாதை அதிகம். ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் மேகத்தையும் புகையையும் துளைத்துப் பார்க்கும். அதை வைத்துப் பத்து மீட்டர் அளவுக்குக் காட்டில் எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று எச்சரிக்கை போடுகிறார்கள். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதில் பச்சைக்கு நடுவே ஒரு நேர்கோடு புதிதாக முளைத்தால் அது பாதை, இல்லையென்றால் வாய்க்கால். நாலைந்து வருடம் கழித்து வறண்ட வருடம் ஒன்று வரும், புள்ளி அந்தக் கோட்டையொட்டி விழும். இதைக் கணிக்க எல்நினோ நிபுணர் தேவையில்லை.

*

தெரிந்துகொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் மிச்சம். பிரேசிலில் 2004இல் டெட்டர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோளில் வெட்டு தெரிந்தால் உடனே காட்டுக் காவல் துறைக்குத் தகவல் போகும், ஆட்கள் போவார்கள், அபராதம் விழும். அந்த வருடம் அமேசானில் 27,772 சதுர கிலோமீட்டர் அழிந்தது. 2012இல் அது 4,571 ஆகக் குறைந்தது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் தகவலின் மறுமுனையில் சம்பளம் வாங்குகிற ஓர் ஆள் வண்டியோடு இருந்தார். பின்னால் ஆட்சி மாறியது, செயற்கைக்கோள்கள் அதேபோல் பார்த்துக்கொண்டுதான் இருந்தன, அழிவு மறுபடி ஏறியது. 2019இல் அந்த எண்களை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரையே பதவியிலிருந்து நீக்கினார்கள்.

இங்கே சிங்கப்பூரில் 2014இல் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கென்று சட்டம் போட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை, மொத்தம் இருபது லட்சம் வரை அபராதம். அதில் என்னைக் கவர்ந்தது, செயற்கைக்கோள் படமும் காற்றுத் திசையும் ஒரு நிலத்தைக் கைகாட்டினால், அந்த நிலத்துக்காரர்தான் காரணம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். புள்ளிக்கு இவ்வளவு கனத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் புள்ளியை வைத்து ஆளைப் பிடிக்க நிலம் யாருடையது என்ற வரைபடம் சரியாக வேண்டும், அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. பட்டா, சிட்டா, அடங்கலோடு தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1993லிருந்து ஆசியான் நாடுகளுக்கான சிறப்பு வானிலை மையம் சிங்கப்பூரில்தான் இயங்குகிறது. தினமும் தீப்புள்ளி எண்ணிக்கையும் காற்றுத் திசையும் வெளியிடுவதும், எச்சரிக்கை நிலையை ஏற்றி இறக்குவதும் அவர்கள்தான். நிலநடுக்கோட்டையொட்டியே சுற்றும்படி டெலியோஸ்-1 என்று ஒரு செயற்கைக்கோளையும் சிங்கப்பூர் அனுப்பியது. துருவம் சுற்றுகிறவை எப்போதாவது எட்டிப் பார்க்கும் நம் வட்டாரத்தை இது அடிக்கடி கடக்கும். 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில் போனது. எண்ணூரில் இருக்கும் மச்சான் அன்று மாலை அனுப்பிய செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது: "உங்க ஊரு சாட்டிலைட் இப்பதான் எங்க மொட்டைமாடியத் தாண்டிப் போச்சு." வெள்ளத்தில் வீட்டுக்குள் வந்த சேற்றை அவர்கள் அப்போது இன்னும் கழுவி முடித்திருக்கவில்லை. 2023இல் போன டெலியோஸ்-2 ராடார் வகை, மேகம் அதற்குத் தடையில்லை.

இந்தோனேசியாவின் காட்டுத்தீ அணைக்கும் படைக்குப் பெயர் மங்கள அக்னி. முதன்முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன், நம்மூரில் ஹோமத்துக்கு வைக்கிற பெயர். அங்கே மங்களா என்றால் முன்னின்று நடத்துபவர் என்ற பொருளாம். சிரிப்பு அதோடு போய்விட்டது. மண்ணுக்குள் குழாயைச் செருகி ஓரடி ஓரடியாக நனைத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். ஊர்மக்கள் குழுக்களும் உண்டு. வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டைகளை அடித்து மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். நம் ஊரில் கொரம்பு போடுவதென்போமே, அதேதான். 2016இல் இதற்கென்றே ஒரு தனி நிறுவனத்தை அந்த அரசு தொடங்கியது. 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்த நாட்டில், மறுபடி எல்நினோ வந்த 2023இல் எரிந்தது சுமார் 11 லட்சத்து 60 ஆயிரம். குறைவுதான். அதற்காக யாரும் பட்டாசு வெடிக்க மாட்டார்கள்.

அந்த 2023இல் நான் புள்ளி வரைபடத்தைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டிலிருந்து மழை வரைபடம்தான். சுமத்ராவில் ஜாம்பியிலும் பாலெம்பாங் பக்கத்திலும் நாளுக்கு நாள் நிறம் வெளுத்துக்கொண்டே போனது. செப்டம்பர் முதல் வாரமே முகக்கவசம் இரண்டு பெட்டி வாங்கி வைத்தேன். மனைவி கேட்கவில்லை, நானும் வரைபடத்தைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டு அங்கிளிடம் இரண்டைக் கொடுத்தேன், பழைய கடன். அக்டோபர் 7ஆம் தேதி பிஎஸ்ஐ நூறைத் தாண்டியது, நாலு வருடத்துக்கு அப்புறம் முதல்முறையாக.

அன்று இரவு அப்பா கூப்பிட்டார். தொலைக்காட்சியில் பார்த்திருப்பார் போல. சாப்பிட்டாயா, இருமல் உண்டா என்று கேட்டுவிட்டு, "மழை பெஞ்சுதாடா?" என்றார்.

"நேத்து ஈசூன்ல கொஞ்சம் பெஞ்சுதுப்பா."

"அங்க இல்ல. அந்தக் கரி மண்ணு ஊர்ல."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து வரைபடத்தைத் திறந்தேன். தெற்குச் சுமத்ராவின் மேல் வெள்ளையாகவே இருந்தது.

"இல்லப்பா. இன்னும் இல்ல."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மோட்டார் கொட்டகையின் சத்தம் கேட்டது. "சரி, பாப்பாவுக்குப் பரீட்சை எப்போ?"